எட்டாவது ஸ்விட்ச்

மார்ச் 4
விவாகரத்து ஆகி நான்கு மாதம். வீட்டைப் பார்க்க இன்று முதல் ஆள் வந்தார். விற்றுப் பங்கு பிரிக்கச் சொன்னது தீர்ப்பு. வருகிறவர்களுக்குப் பிடிக்கவைக்கச் சொல்லவில்லையே?

இந்த வீட்டுக்கு ஒயரிங் செய்தவர் என் முன்னாள் கணவர். தொழில், கடிகார ரிப்பேர். "முள்ளையே ஓட வைக்கிறவனுக்கு பல்பு ஒரு பெரிய விஷயமா?" என்றார் அன்று. விளைவு, குளியலறை விளக்குக்கு ஸ்விட்ச் சமையலறையில், கூடத்து விளக்குக்குப் படுக்கையறையில். பன்னிரண்டு வருடத்தில் எங்களுக்குப் பழகிவிட்டது. வந்தவருக்கு? அவர் குளியலறைக்குள் போனதும் நான் சமையலறைக்குப் போனேன்.

மார்ச் 9
இரண்டாவது ஆள். மூன்று முறை இருட்டு. "பழைய வீடு, என்னமோ இருக்கு" என்று பெருமூச்சு வேறு விட்டுவைத்தேன். புரோக்கர் முகத்தில் ஈயாடவில்லை.

மார்ச் 10
அண்ணன் போனில் குதிக்கிறான். "வித்துத் தொலைச்சிட்டு நிம்மதியா இரேன்!" மாப்பிள்ளையாக இருந்தவரை அவரைக் கண்டாலே ஆகாது. இப்போது இருவரும் கூட்டணி.

மார்ச் 16
கடிகாரக்காரரே வந்துவிட்டார், ஒயரிங்கைச் சரிசெய்ய. ஏணியில் நாலு மணி நேரம். இப்போது கூடத்து விசிறியைப் போட்டால் காலிங் பெல் அடிக்கிறது. துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். ஆனால் அவர் இறங்கும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டேன். பழக்கதோஷம்.

மார்ச் 23
வீடு பார்க்க ஒரு பாட்டு டீச்சரும் அவர் கணவரும். விளக்கு அணைந்தது, பெல் அடித்தது. அந்த அம்மாள் பயப்படவில்லை, விழுந்து விழுந்து சிரித்தார். "நீங்க போடுங்க, எது எரியுதுன்னு நான் சொல்றேன்!" அறை அறையாக ஓடினார்கள். எனக்கு வயிற்றெரிச்சல். குடிவந்த புதிதில் நாங்களும் இப்படித்தான் ஓடினோம்.

அவர்கள் போனதும் மகள் பிடித்துக்கொண்டாள். "நீ வீட்டைக் காப்பாத்தலைம்மா, அப்பாவைக் கடுப்பேத்தறே. நேத்து நான் குளிச்சிட்டிருந்தப்பகூட இருட்டாக்கி ஒத்திகை பார்த்தே. நான் என்ன வீடு வாங்கவா வந்தேன்?"

பதினாலு வயசு. என்ன பேச்சு பேசுது! ஆனா பொய்யா? கோபம்தான். கோபம் தீர்ந்துட்டா வீட்டை விட்டுப் போயிடணுமே — அந்தப் பயமும்தான்.

ஏப்ரல் 2
பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. டீச்சருக்கு ஸ்விட்ச் பட்டியல் எழுதிக் கொடுத்தேன். எட்டாவதில் பேனா நின்றது. அது எதற்குமே இல்லை. ஆனாலும் தினமும் படுக்குமுன் அதை அணைத்துவிட்டுத்தான் படுப்பேன். 'எட்டு: தினமும் மறக்காமல் அணைக்கவும்' என்று எழுதிவிட்டேன். மண்டையைக் குடைந்துகொள்ளட்டும்.

ஏப்ரல் 3
அழுதேன். போதும்.

ஏப்ரல் 20
வாடகை வீடு. எந்த ஸ்விட்சைப் போட்டால் எது எரியவேண்டுமோ அதுதான் எரிகிறது. சப்பென்று இருக்கிறது.

புது விசிறி மாட்ட, என்னைக் கேட்காமல் மகள் அப்பாவைக் கூப்பிட்டுவிட்டாள். வந்தார், மாட்டினார், தண்ணீர் குடித்தார், போனார். ஸ்விட்சைப் போட்டேன். வாசல் விளக்கு எரிந்தது.

எலக்ட்ரீஷியனை அனுப்பட்டுமா என்று வீட்டு ஓனர் கேட்டார். வேண்டாம், பழகிவிடும் என்றேன்.