கன்னையாவின் மூச்சுக்குழாய்

5 மார்ச் 1934, திங்கள்

இன்று நான் எடுத்தது பதினொரு எக்ஸ்ரே. பத்தைப் பெரிய டாக்டர் பார்த்து அடுக்கி வைத்தார். பதினொன்றாவதை வீசி எறியாத குறை. "ரபேல், ஆள் அசைந்திருக்கிறான். மூச்சுக்குழாய் இவ்வளவு அகலமாகவா இருக்கும்?"

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே பட்டறைக் கன்னையாவின் பிளேட் அது. வருஷக்கணக்காக இருமல், கிண்ணம் கிண்ணமாகச் சளி. சயரோகம் என்று எழுதிவிட்டார்கள். 24-ஆம் தேதி கப்பலில் ஏற்றி, கடல் தாண்டிச் சொந்த ஊருக்கு அனுப்பப் போகிறார்கள். ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து, மனைவி வள்ளியம்மா மகளைத் தூக்கிக்கொண்டு கிள்ளானில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அசைந்தானாம்! அசைந்திருந்தால் விலா எலும்பும் கலங்கியிருக்காதா? என் பிளேட்டில் அந்தத் தப்பு வராது.

6 மார்ச்

சளியில் மூன்று தடவை தேடியும் கிருமி இல்லை. பிறகு எப்படிச் சயரோகம்?

7 மார்ச்

மறுபடி எடுத்தேன். அதே அகலம். டாக்டர் கணக்கில், ஆளை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டேனாம், அதனால் பெரிதாகத் தெரிகிறதாம். பன்னிரண்டு வருஷமா இந்த ரூம்ல நிக்கிறேன், எனக்குத் தெரியாதா? பிளேட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

9 மார்ச்

கன்னையாவின் கழுத்தடியில், ஓரமாக, இந்த ஊர்ச் சதுரமான ஒரு சென்ட் காசைப் பிளாஸ்டர் போட்டு ஒட்டினேன்.

"என்னண்ணே, செத்தவனுக்குத்தானே நெத்தியில காசு வைப்பாங்க?"

"உயிரோட இருக்கறவனுக்குக் கழுத்துல. மூச்சைப் பிடி."

பிளேட்டில் சென்ட் சென்ட்டளவுதான். குழாய் அதைப் போல ஒன்றரை மடங்கு. டாக்டர் அளவுகோலை வைத்தார். மறுபடியும் வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

12 மார்ச்

மூச்சுக்குழாய்க்குள் எண்ணெய் மருந்து விட்டுப் படம் எடுத்தோம். கிளைகளும் அகலம். பிரெஞ்சு மருத்துவப் பத்திரிகை ஒன்றில் இப்படி ஒரு நோயாளியைப் பற்றி டாக்டர் படித்திருக்கிறாராம். குழாய் தளர்ந்து விரிந்திருப்பதால் சளி வெளியேறாமல் தங்கிவிடுகிறது. ஒட்டாது. குணமும் ஆகாது. தினமும் காலையில் கட்டிலில் குப்புறப் படுத்துத் தலையைத் தொங்கவிட்டால் சளி இறங்கும், பட்டறை வேலையும் பார்க்கலாம். சயரோகம் என்று எழுதியதை அவரே அடித்தார். "நல்ல பிளேட்" என்றார்.

எனக்குத் தெரியும்.

25 மார்ச், குருத்தோலை ஞாயிறு

கப்பல் நேற்றே போய்விட்டது.

பூசை முடிந்து, கையில் ஓலையோடு ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் போனேன். வாசலிலேயே இருமல் கேட்டது. கன்னையா கட்டிலில் குப்புறக் கிடந்து தலையைத் தொங்கவிட்டிருந்தான். பக்கத்தில் மகளும் அதே மாதிரி. அப்பா இருமும்போதெல்லாம் தானும் இருமிவிட்டுச் சிரித்தாள்.

உள்ளேயிருந்து வள்ளியம்மா கத்தினாள்: "ரெண்டு பேரும் எந்திரிங்க, ரபேல் அண்ணே வந்திருக்காரு!"