இஞ்சின் தொட்டியின் நல்ல தண்ணீர்

அண்ணாச்சி,

இன்று காலை வெந்நீர்க் கெண்டியின் அடியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. கரண்டிக் காம்பால் சுரண்டினேன். உமது முகம் வந்து நின்றது. செத்தும் காலையிலேயே என்னை வம்புக்கு இழுக்கிறீர்.

பழைய துறைமுகத்தில் உப்பு வேகன்களைத் தள்ளியும் இழுத்தும் உழைத்த ஷண்டிங் இஞ்சினுக்கு நீர் டிரைவர். அதன் கொதிகலனுக்கு நான் பொறுப்பு. டீசல் வந்ததும் அதை உடைத்து இரும்புக்குப் போட நினைத்தார்கள். நான் அலைந்து திரிந்து ஒரு வாக்கு வாங்கினேன். அதிகாரிகள் முன்னால் ஒழுங்காக ஓடிக் காட்டினால் விசேஷ நாட்களில் ஓட்டுவதற்கு வைத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் மேடையில் ஏற்றிப் பொம்மையாக நிறுத்திவிடுவார்கள். கொதிகலனுக்குள் தவழ்ந்து குழாய் குழாயாகச் சுரண்டியவன் நான். நீர் வெளியே நின்று பீடி குடித்தீர்.

நம் கிணற்று நீரின் லட்சணம் உமக்குத் தெரியாதா? அதனால்தானே இஞ்சினுக்கென்று ஆற்றுத் தண்ணீர் வேகனில் வந்தது? அந்தக் கோடையில் குவார்ட்டர்ஸ் குழாயில் காற்றுதான் வந்தது. ஓட்டத்துக்கு முந்தின மாலை, நான் வீட்டுக்குப் போன பிறகு, பெண்களைக் குடத்தோடு வரச்சொல்லி இஞ்சின் தண்ணீரைத் திறந்துவிட்டீர். காலியான தொட்டியிலும் கொதிகலனிலும் கிணற்று நீரை நிரப்பினீர்.

மறுநாள் இரண்டு வேகன் நீளம்கூட ஓடவில்லை. உப்பு நீர் நுரைத்துப் பொங்கி, நீராவியோடு சிலிண்டருக்குள் புகுந்தது. புகைபோக்கி கரித் தண்ணீரைத் துப்பியது. பிறகு ஒரு வெடிச்சத்தம். சிலிண்டர் மூடி பிளந்து கிடந்தது.

"என்னத்த ஊத்தினீரு?"

"கிணத்துத் தண்ணிதான். ஒரு நாளைக்குத் தாங்கும்னு நெனச்சேன்."

"அது உப்புத் தண்ணில்லா அண்ணாச்சி!"

"பொறவு பிள்ளையளுக்கு அத எப்படிக் குடுக்க? தாகத்துல அதுவ அழுதுச்சு. இஞ்சினு அழுமா தம்பி? படிச்சவரு, நீரே சொல்லும்."

கரி தள்ளுகிறவன் குறுக்கே விழுந்தான்: "இஞ்சினும் அழுதுட்டுல்லா! ஆபீசர் சட்டையப் பாரும்."

நீரும் சிரித்தீர். நான் இன்றுவரை சிரிக்கவில்லை.

பழி என் தலையில் விழுந்தது. விசாரணையில் உம்மைச் சொன்னேன். நீர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றீர். தண்ணீர் எடுத்ததாகக் குவார்ட்டர்ஸில் ஒருத்திகூட ஒத்துக்கொள்ளவில்லை. நான் பொய்யனானேன். என் பதவி உயர்வு போயிற்று. இஞ்சினுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து, சக்கரத்தைத் தண்டவாளத்தோடு பற்றவைத்து, மேடையில் நிறுத்தினார்கள். கடைசி டிரைவர் என்று மாலை உமக்குத்தான்.

உம்மைக் கல்லறைக்கு எடுத்துப்போன அன்று அத்தனை பெண்களும் வந்து அழுதார்கள். என் மனைவியும்தான். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், உனக்கென்ன அழுகை என்று.

"நானும் ரெண்டு குடம் எடுத்தேன். அன்னைக்கு வாயத் தொறந்திருந்தா அண்ணாச்சி வேல போயிருக்கும்லா?"

என் வேலையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அதன்பின் உம்மேல் கோபம் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. மேடைப் பக்கம் நான் போவதில்லை. ஆனால் ஓட்டத்துக்கு முந்தின ராத்திரி வீட்டில் குடித்த தண்ணீர் இனித்தது, அண்ணாச்சி. இன்னொரு செம்பு கொண்டுவரச் சொல்லிக் குடித்தேன். அதை இனி எங்கே போய்த் துப்ப?