மணி பெட்டியெடுக்க வந்த நாள்

1912 ஆடி, சனிக்கிழமை இரவு.

மணி இன்று தன் டிரங்குப் பெட்டியை எடுத்துப் போகத்தான் வந்தான். வடக்கே இந்தப் பவானிபூரில் குமாஸ்தாக்கள் நாங்கள் சேர்ந்து தங்கியிருக்கும் இந்த மாடியறையில்தான் அவன் குடிக்கப் பழகினான். கும்பகோணத்திலிருந்து வந்தபோது வெற்றிலைகூடப் போடாதவன். ரத்த வாந்தி எடுத்த பிறகு, சற்றுத் தள்ளி பெஹாலாவிலிருக்கும் அவன் அக்கா வந்து கூட்டிப் போனாள். அங்கே ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. உடம்பு நன்றாகத் தேறியிருந்தான்.

"அக்கா கீழ வண்டியில காத்துண்டிருக்கா. உடனே போகணும்," என்றான்.

அறையிலிருந்த மற்ற இருவரும் பாயில் உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்திருந்தார்கள். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. சற்று நகர்ந்து, அவனுடைய பழைய இடத்தைக் காலியாக விட்டார்கள். உட்கார்ந்தான். எதிர்ச் சாராயக்கடையின் வாடை ஜன்னல் வழியே வந்தது.

"வேண்டாம்டா மணி," என்றேன்.

"அங்க நினைப்பே வரலைடா. இந்தப் படி ஏறினதும் நாக்கு வறண்டு போச்சு," என்று டம்ளரை எடுத்தான்.

அக்கா மேலே வந்தபோது அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் திட்டவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தாள். "நீயாவது இங்கேர்ந்து போயிடுப்பா," என்று என்னிடம் சொன்னாள். பெட்டியை விட்டுவிட்டு அவனைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு போனாள்.

அவன் டம்ளரில் கொஞ்சம் மீதி இருந்தது. யாரும் சொல்லாமலே நான் அதைக் குடித்தேன். நாளையே வேறு இடம் தேட வேண்டும். இன்னொரு சனிக்கிழமை இந்த அறையில் இருக்க எனக்குப் பயமாக இருக்கிறது.