தேதி தெரியாத வாச்சர்

ஜூன் 16, திங்கள்

விடியும்போதே மழை. ஹட்டன் கிளினிக். நீண்ட வரிசை, கால் வலி. டாக்டரம்மா தாளில் மூன்று வட்டம் போட்டுக் காட்டினார், மூளைக்குள் இருக்கும் மூன்று நெட்வொர்க்காம். ஒன்று ஆபத்தைக் கவனிப்பது. ஒன்று சும்மா இருக்கும்போது நம்மைப் பற்றி நினைப்பது. இன்னொன்று யோசித்து முடிவெடுப்பது. பெரிய அதிர்ச்சி பட்ட பலருக்கு முதல் வட்டம் ஓயாமல் வேலை செய்யுமாம். மற்ற இரண்டோடு தொடர்பு சரியாக இருக்காதாம்.

"போன வருசம் மண் சரிஞ்சு பக்கத்து லயத்து வீட்டு வரிசையே போச்சு. அது முடிஞ்சதுன்னு ஒங்களுக்குத் தெரியும் டீச்சர். மொத வட்டத்துல காவல் காக்கிற வாச்சருக்கு இன்னும் தெரியல. மழை சத்தம் கேட்டா இன்னைக்கு என்ன தேதின்னு வாய்விட்டுச் சொல்லுங்க."

பைத்தியம் இல்லை. அப்பாடா!

17 செவ்வாய்

துணி காயவில்லை. என் வீட்டுக்காரர் செய்த வேலை! டாக்டர் சொன்னதில் 'நெட்வொர்க்' ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டார், லயம் முழுக்கச் சொல்லியாயிற்று. பைப்படியில் செல்வியக்கா:

"ஏன் டீச்சரம்மா, ஒங்களுக்கு நெட்வொர்க் இல்லையாமே? மேட்டுக்கு ஏறுங்க. நாங்கல்லாம் அங்க போயித்தான் பேசுறோம்."

சிரித்ததில் வாளித் தண்ணீர் கொட்டிப்போனது. எனக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொன்னதும் இதே வாய்தான். நெட்வொர்க் எவ்வளவோ மேல்.

19 வியாழன்

பள்ளிக்கூடத்து அதிபரைப் பார்த்தேன். போன மாதம் தகரக் கூரையில் மழை அடித்ததும் மூன்றாம் வகுப்பை அப்படியே விட்டு வெளியே ஓடினேனே, அதே பேச்சு.

"இன்னொரு தடவ ஓடுனீங்கன்னா வகுப்ப வேற ஆளுக்குக் குடுக்கணும் டீச்சர். எனக்கு வேற வழி இல்ல."

கோபம் வந்தது. அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் அது என் வகுப்பு. விடமாட்டேன். நாளைக்குப் பச்சைச் சேலை. குடை. கரும்பலகைக்குச் சோக் வாங்க வேண்டும்.

20 வெள்ளி

இடைவேளை முடிந்ததும் கொட்டியது. தகரம் அதிர்ந்தது. கால் தானாக வாசல் பக்கம் திரும்பிவிட்டது. திரும்பிப் பார்த்தேன். கரும்பலகையில் காலையில் நானே எழுதிய தேதி.

"எல்லாரும் சத்தமா வாசிங்க!"

"இன்று வெள்ளிக்கிழமை! ஜூன் இருபது!"

"கேக்கல!"

மழையை மிஞ்சிக் கத்தினார்கள் பிள்ளைகள். நானும்தான். தொண்டை கட்டிப்போனது. கால் வாசலுக்கு நகரவில்லை.

அதிபர் நனைந்துகொண்டே ஓடி வந்தார். "என்ன டீச்சர், என்ன ஆச்சு?"

"தேதி படிக்கிறோம் சேர்."