ஐந்தாவது துண்டில் அழுத்தம்

மார்ச் 3

என்னங்க,

நீங்கள் அனுப்பிய சொற்பட்டியல் கிடைத்தது. ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தேறினால்தான் நர்ஸ் விசா, விசா வந்தால்தான் உங்கள் முகம். ஆனால் இந்த அனஸ்தீசியாலஜிஸ்ட் என் உயிரை வாங்குகிறது. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்கு இத்தனை நீளப் பெயரா? சொல்லி முடிப்பதற்குள் நோயாளி தானே மயங்கிவிடுவான். எங்கே வெட்டுவது, எதில் அழுத்துவது என்று எழுதுங்கள். வாடகை அறையில் தனியாகக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

உங்கள் வாயாடி

மார்ச் 14

வாயாடிக்கு,

ஏழாக வெட்டு. அ–னஸ்–தீ–சி–ஆ–ல–ஜிஸ்ட். துண்டுக்கு ஒரு தட்டு மேசையில் தட்டு. ஐந்தாவது மட்டும் பலமாக. தமிழில் எல்லாத் துண்டுக்கும் ஒரே பலம், இந்த வம்பே இல்லை. சீக்கிரம் வந்து சேர். சண்டை போட ஆளில்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

உன்னவன்

மார்ச் 27

என்னங்க,

நேற்று மத்தியானம் மூன்றாவது துண்டில் அழுத்திவிட்டேன். உடனே சுவருக்கு அந்தப் பக்கம் ஏழு தட்டு, ஐந்தாவது பலமாக. பக்கத்து அறைக்காரி என்று நினைத்துத் தேங்க்ஸ் கூடச் சொன்னேன். வீட்டுக்காரம்மாவிடம் கேட்டால், "அந்தப் பக்கம் ஏதும்மா ரூம்? நீ இருக்கறது மூணாவது மாடி, வெளியில வெறும் காத்துதான்" என்கிறார். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது தப்பே விடுவதில்லை.

உங்கள் வாயாடி

ஏப்ரல் 8

வாயாடிக்கு,

முதலில் அறையைக் காலி பண்ணு. தேர்வு போனால் மயிரே போச்சு. நீ நல்லபடியாக இருந்தால் போதும்.

உன்னவன்

மே 2

என்னங்க,

தேறிவிட்டேன், நூற்றுக்கு நூறு. சுவர் இப்போது தட்டுவதில்லை, என் குரலிலேயே சொல்லிக் காட்டுகிறது. தேர்வில் என் வாய் பதில் சொன்னது, நான் சும்மா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். விசாவும் வந்தாயிற்று, 19ஆம் தேதி விமானம். பெட்டி கட்டித் தயாராக இருக்கிறது. நான் கட்டவில்லை.

உங்கள் வாயாடி

மே 23

வாயாடிக்கு,

நான்கு நாளாக என் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். உன் முகம், உன் பாஸ்போர்ட். ஆங்கிலத்தில் ஒரு பிசகு இல்லை. தமிழைத்தான் சாப்–பிட்–டீங்–க–ளா என்று வெட்டி, ஒரு துண்டில் மட்டும் அடித்துச் சொல்கிறாள். நேற்று வேண்டுமென்றே உன் அம்மாவை நக்கல் அடித்தேன். ஆமாம் என்று தலையாட்டினாள். நீயாக இருந்தால் வீடே இரண்டாகியிருக்கும்.

அதனால்தான் பழைய அறைக்கே எழுதுகிறேன். இன்னும் அங்கே இருந்தால் இரண்டு வரி போடு. தப்பும் தவறுமாகப் பேசுகிற நீதான் எனக்கு வேண்டும்.

எழுதுவதை அவள் எட்டிப் பார்த்தாள். யாருக்கு என்றாள். என் பெண்டாட்டிக்கு என்றேன். "குடுங்க, நானே போஸ்ட் பண்ணிடறேன்" என்று கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

உன்னவன்