கடைசி பெஞ்சில் இன்று நான்

இன்று காலை ஒரு பி.எட். மாணவி ஈரத்துணியால் கரும்பலகையைத் துடைத்தாள். ஈரச் சாக்பீஸ் வாசனை வந்ததும் எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. கற்பித்தல் பயிற்சிக்காக எங்கள் பள்ளிக்கு வந்திருக்கிறாள். அவள் பாடத்தைக் கவனித்து எழுத நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அன்று நீ உட்கார்ந்திருந்தாயே, அதைப்போல.

நாம் பயிற்சிக்குப் போன மண்டி மொஹல்லா அரசுப் பள்ளியும் இப்படித்தான் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஆட்டோ ஹாரன், உள்ளே நெருக்கியடித்துப் பிள்ளைகள். ஹனூரிலிருந்து வந்த எனக்குக் கன்னடம் படிக்க எழுத நன்றாக வரும். நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால்தான் உதறல். நீ கட்டட வேலைக்கு வந்த சேலத்துக்காரர்களின் மகள், இந்த ஊரிலேயே பிறந்தவள். பேச்சுக்குப் பேச்சு நம் ‘டீ’க்குப் பதில் கன்னடத்துக் ‘கணே’ போட்டுத்தான் என்னைக் கூப்பிடுவாய். "ஏன் கணே நடுங்கற, அதுங்க என்ன உன்னத் தின்னுடுமா?" உனக்கு இருந்தது ஒரே ஆசை. பின்னால் உட்கார்ந்து யாரும் மார்க் போடாத, உனக்கே உனக்கான ஒரு வகுப்பு.

என் தேர்வுப் பாடம் ஆவியாதல். பலகையை ஈரத்துணியால் துடைத்தேன். அந்த ஈரம் எங்கே போகிறது என்று விளக்க வேண்டும். தேர்வாளர் பேனாவைத் திறந்ததுதான் தாமதம், நாக்கு ஒட்டிக்கொண்டது. பலகை காய்ந்துகொண்டே வந்தது. அப்போது நீ எழுந்து, பள்ளிப் பிள்ளை மாதிரிக் கைகட்டி நின்று, "மிஸ், அர்த்த ஆகலில்ல" என்றாய். புரியவில்லையாம், இன்னொரு தடவை சொல்ல வேண்டுமாம். நான்தான் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லையே! வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன், பேச்சு வந்துவிட்டது. கவனிக்க வந்தவர்கள் வாய் திறக்கக் கூடாது. அடுத்த பாடம் உன்னுடையது, அதே தேர்வாளர் முன்னால். அவர் கடுகடுவென்று உன்னைப் பார்த்ததை நான் பார்த்தேன். நீ கண்டுகொள்ளவே இல்லை.

இருவரும் தேறினோம். எனக்கு முதலில் வேலை கிடைத்தது. உன் முறை வருவதற்குள் சிறுநீரகம் கெட்டு நீ படுத்துவிட்டாய். ஆஸ்பத்திரியில் உன் கட்டிலோரம் உட்கார்ந்து, எழுந்துவிடுவாய், பள்ளி திறக்கும்போது உன் வகுப்புக்குப் போவாய் என்றேன். டாக்டர் உன் அம்மாவிடம் சொன்னது எனக்குத் தெரியும். உனக்கும் தெரிந்திருக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அர்த்த ஆகலில்ல மிஸ். இன்னொரு தடவ சொல்லு" என்றாய். சொன்னேன். உதறாமல் முழுதாகச் சொன்னேன். பள்ளி திறந்தபோது நீ இல்லை. அந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இன்றைக்கு இந்தப் பெண்ணுக்கும் அதே பாடம்தான். பலகையைத் துடைத்துவிட்டு என் பக்கம் பார்த்தாள், அப்படியே நின்றுவிட்டாள். நான் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து கைகட்டி நின்றேன். "மிஸ், அர்த்த ஆகலில்ல" என்றேன். பிள்ளைகள் திரும்பிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டுத் தொடங்கினாள். நன்றாகவே நடத்தினாள்.

முடிவில் எல்லாருக்கும் புரிந்ததா என்று கேட்டாள். பிள்ளைகள் ஒரே குரலில் புரிந்தது என்றார்கள். அதற்குள் பலகை நன்றாகக் காய்ந்திருந்தது. எனக்கு இன்னும் அர்த்தம் ஆகவில்லை கணே. யாராவது இன்னொரு தடவை சொன்னால் தேவலை.