நடுக்கடலில் இருந்த மிளகு

தம்பிக்கு,

நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். நேற்றுத் துறைமுகத்துக்குப் போனேன். உன் கன்டெய்னர் மூன்றாவது வரிசையில் வெயிலில் நிற்கிறது. கிலோ ஐந்நூறு ரூபாய்க்குக் குறைந்த மிளகை இறக்குமதி செய்யக் கூடாது என்று எங்கள் வர்த்தகத் துறை ஆணையிட்ட அன்று அது நடுக்கடலில் இருந்தது. நீ வாங்கிய விலை முந்நூறு. வழியில் இருக்கும் சரக்குக்கு விலக்கு கேட்டுப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் சாப்பிடும்போது, "அண்ணே, வெளிநாட்டு மிளகு ரொம்ப மலிவா கிடைக்குது, இறக்கலாமா?" என்று கேட்டாய். நான் உன் மனைவியிடம் டம்ளரை நீட்டி, "கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றேன். "மிளகுன்னு சொன்னாலே மாமாவுக்கு விக்குது!" என்று அவள் சிரித்தாள். நீயும் சிரித்தாய். மறுநாளே பணம் கட்டிவிட்டாய்.

ஐந்நூறு என்ற எண்ணை அதற்கு மூன்று நாள் முன்பே கோப்பில் எழுதியவன் நான்தான். இங்கே மிளகு பயிரிட்டவர்கள் விலை கிடைக்காமல் கொடிகளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். எழுதியது தப்பில்லை. உன்னிடம் சொல்லியிருந்தால் அதுதான் தப்பு. இதை எனக்கே தினமும் சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது வேறொரு கோப்பு மேசைக்கு வந்திருக்கிறது. எந்தச் சரக்கு என்று எழுத மாட்டேன்.

வீட்டுக்கு வா. வந்து திட்டு. எதை இறக்கலாம் என்று மட்டும் கேட்காதே. கேட்டால் மறுபடியும் தண்ணீர்தான் கேட்பேன்.

உன் அண்ணன்